மேலே இரண்டு வரி

காபிக் கோப்பை, சார்ஜர், அப்பா வாங்கித் தந்த குட்டி மேசை விசிறி. மூன்றையும் அட்டைப் பெட்டிக்குள் போட்டு, மேலே டேப் ஒட்டினாள் அவள். யாரோ வந்து கட்டச் சொல்வதற்கு முன் தானே கட்டிக்கொள்வது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள்.

"அட, பெட்டி கட்டியாச்சா? நல்ல பொண்ணு, புரிஞ்சு நடந்துக்கிறே" என்றபடி வந்து நின்றார் டிப்ஸ் திலகம்.

சாஃப்ட்வேர் டீமில் ஓர் ஆளைக் குறைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு. போகப்போவது அவளா, அவரா என்று மூன்று மணிக்கு மேனேஜர் சொல்வார். பதினாறு வருட அனுபவசாலி எங்கே, குடும்பத்திலேயே முதல்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்த இவள் எங்கே?

டிப்ஸ் திலகம் என்ற பட்டம் அவருக்குச் சும்மா வரவில்லை. காலையில் பல் விளக்குகிறாரோ இல்லையோ, ஆபீஸ் குரூப்பில் ஒரு டிப்ஸ் போட்டுவிடுவார். 'இந்த வரியை செட்டிங்ஸில் சேருங்கள், கம்ப்யூட்டர் பறக்கும்.' 'இந்தக் குட்டி ஸ்கிரிப்ட் உங்கள் தலையெழுத்தையே மாற்றும்.' எல்லாம் எங்கிருந்தோ உருவியது. கீழே தன் பெயரைப் போட மட்டும் ஒருநாளும் மறந்ததில்லை.

மூன்று மாதம் முன்பு அவளும் ஒன்று போட்டாள். பத்து நிமிட வேலையை ஒரே சொல்லில் முடிக்கிற ஏழெட்டு ஸ்கிரிப்ட்கள், ஒரே செட்டிங்ஸ் ஃபைலில். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற வேலை.

"காலேஜ் நோட்ஸை எல்லாம் இங்க வந்து கொட்டாதேம்மா" என்று ஐந்தே நிமிடத்தில் பதில் போட்டார் திலகம். பத்துப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அவள் ஃபைலைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டாள்.

மறுநாள் காபி மெஷின் ஓரமாக வந்து குழைந்தார். "அந்த ஃபைலை எனக்கு மட்டும் அனுப்பேன். தப்பு கிப்பு இருந்தா திருத்தித் தரேன்."

"அனுப்பறேன் சார். மேல ரெண்டு வரி என் கம்ப்யூட்டருக்குன்னு எழுதினது. அதை மட்டும் படிச்சுப் பாத்து மாத்திக்கங்க."

"எனக்கேவா? நீ ஏபிசிடி படிச்சப்பவே நான் கோட் எழுதினவன்மா!"

அவள் அப்பா கட்டடங்களுக்குக் குழாய் பதிப்பவர். எழுத்து தெரியாது. எந்தத் தாளாக இருந்தாலும் இரண்டு பேரிடம் கொடுத்து வாசிக்கக் கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வைப்பார். படித்த மேதாவிகளுக்கு ஏது அந்தப் பயம்?

அடுத்த வாரமே மீட்டிங் திரையில் அவளுடைய ஸ்கிரிப்ட்கள் சரசரவென்று ஓடின. "பதினாறு வருஷ அனுபவம் சார். ஒவ்வொரு வரியா நானே செதுக்கினது" என்றார் திலகம். மேனேஜர் கைதட்டினார்.

"சார், அது நான்..." என்று அவள் எழுந்தாள்.

"பொறாமை கூடாதும்மா" என்றார் திலகம். கூடத்தில் மறுபடி சிரிப்பு. ஃபைலைக் கேட்டவர்களிடம், "அப்புறம் தரேன்" என்று நழுவிவிட்டார்.

மணி மூன்று. சின்னக் கண்ணாடி அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். மேனேஜர் தன் லேப்டாப்பை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"மூணு மாசத்துல யார் எவ்வளவு எழுதியிருக்கீங்கன்னு எடுத்தேன். இதை வச்சுத்தான் முடிவு." அவளைப் பார்த்தார். "உன் பேர்ல நானூத்திப் பன்னெண்டு கோட் பதிவு. ரெண்டு ஆள் வேலை. நீ எப்பம்மா சாப்பிடறே?"

தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியாதா? எப்படிப் பார்த்தாலும் இருநூறைத் தாண்டாது. "சார், இவ்வளவு நான் எழுதலை."

"எழுதலையா? லாகின் பகுதி முழுக்க உன் பேர்தான் இருக்கு, பாரு."

லாகின் பகுதி டிப்ஸ் திலகத்தின் கோட்டை. அந்தப் பக்கம் அவள் எட்டிப் பார்த்தது கிடையாது. அவர் பார்க்க விட்டதும் கிடையாது.

அவளுக்குப் பளிச்சென்று விளங்கியது. மேலே இரண்டு வரி. ஒன்றில் அவள் பெயர், இன்னொன்றில் அவள் மின்னஞ்சல். அந்த ஃபைல் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறதோ, அங்கிருந்து போகிற வேலை எல்லாம் அந்தப் பெயரில்தான் பதிவாகும்.

திலகத்துக்கும் விளங்கிவிட்டது. "சார், அது... லாகின் எல்லாம் நான் எழுதினதுதான்..."

"ஆமா சார், அவர் எழுதினதுதான். எனக்கு வேண்டாம்" என்றாள் அவள். பிறகு திலகத்தின் பக்கம் திரும்பினாள். "ஒவ்வொரு வரியா நீங்களே செதுக்கின ஃபைல்ல, முதல் வரியில என் பேரை எதுக்கு சார் செதுக்கினீங்க?"

மேனேஜர் திலகத்தைப் பார்த்தார். திலகம் மேசையைப் பார்த்தார்.

"உங்க பேர்ல ஒண்ணுமே வரலையேன்னு, லிஸ்ட்லதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்" என்றார் மேனேஜர் நிதானமாக. லேப்டாப்பை மூடினார். "கோளாறு லிஸ்ட்ல இல்லை."

அவள் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, திலகத்தின் பக்கம் குனிந்தாள்.

"சார், பெட்டி வேணுமா?"