கழன்று விழும் தாழ்ப்பாள்

தாழ்ப்பாள் மூன்றாவது தடவையாகக் கழன்று கிடந்தது. தச்சர் தரையில் இருந்த திருகுகளைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தலையில் ஒரு புதுக் கீறல்கூட இல்லை. திருப்புளி படாமல் இரண்டு அங்குலத் திருகு எப்படி வெளியே வரும்?

"என்னப்பா வேலை செய்யற?" எரிந்து விழுந்தார் வீட்டுக்காரர்.

"உள்ள சாமான் அறைதானே சார்?"

"என் தங்கச்சி இருக்கா. நடக்க முடியாது. அவ பாதுகாப்புக்குத்தான். சீக்கிரம் மாட்டு."

தச்சருக்குக் கையிலிருந்த திருகு சுட்டது. வெளியே தாழ்ப்பாள், உள்ளே மனுஷி. மூன்று தடவை இதை மாட்டியது தன் கை.

கூடத்தில் போன் அடித்தது. வீட்டுக்காரர் போனதும் தச்சர் கதவைத் தள்ளினார். சக்கர நாற்காலியில் அவள், மடியில் குறடு.

"திருகு முனை பலகையைத் தாண்டி உள்ள நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பிடிச்சுத் திருகினேன். தளர்ந்ததும் கதவை ஆட்டி ஆட்டி இழுத்தேன், விழுந்துடுச்சு," என்றாள்.

முனையை வலப்பக்கம் திருகினால், தலைப்பக்கத்தில் அது இடப்பக்கம் சுற்றும்; திருகு தானாகப் பின்வாங்கும். ஒன்றே கால் அங்குலப் பலகைக்கு நீளத் திருகு போட்டது தன் தப்பு. அந்தத் தப்பு அவளுக்குச் சாவியாகியிருந்தது.

"அப்புறம் ஏம்மா இன்னும் இங்க இருக்கீங்க?"

"ரெண்டு தடவையும் அண்ணன் வாசல்ல பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டான். உதவிக்கு ஒரு ஆளோட நான் தனியா இருக்க, மாற்றுத்திறனாளிகள் சங்கத்துல வீடு பார்த்துக் குடுத்திருக்காங்க. இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள நேர்ல போய்க் கையெழுத்துப் போடலைன்னா வேற ஆளுக்குப் போயிடும். அவங்க வண்டி தெருமுனையில நிக்குது." அவள் குறட்டை இறுகப் பிடித்தாள். "நான் என்ன பீரோவா, பூட்டி வைக்க?"

"பீரோவைக்கூட தினம் ரெண்டு தடவை திறப்பாங்கம்மா."

தச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு, பெட்டியின் அடியிலிருந்து ஒரு அங்குலத் திருகுகளைத் தேடி எடுத்தார்.

வீட்டுக்காரர் திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. "ஏன் இவ்வளவு கீழ?"

"மேல ஓட்டை பெருசாயிடுச்சு சார். கீழதான் மரம் கெட்டி."

"இனி கழண்டு விழாதே?"

"நீங்களே உள்ள நின்னு, பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்க. கதவு இடிக்கும், அம்மாவை இப்படி வெளிய நகர்த்திக்கிறேன்."

வீட்டுக்காரர் உள்ளே போனார். தச்சர் கதவைச் சாத்தினார். நாற்காலியின் கைப்பிடி உயரத்திலிருந்த தாழ்ப்பாளை, எட்டிப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லாமல், அவள் கை தள்ளியது.

கதவு இரண்டு முறை அதிர்ந்தது. "சபாஷ்! அசையலையே! சரி, திற."

தச்சர் கருவிப் பெட்டியைக் கதவோரம் இழுத்துப் போட்டு, அதன்மேல் சாவகாசமாக உட்கார்ந்தார். சக்கரங்கள் வாசல் பக்கம் திரும்பின.

"ஏய், யாருடா அங்க? திறங்கடா! கழட்டி எறிஞ்சிடுவேன்!"

"முடியாதுண்ணா," வாசல் பக்கம் போய்க்கொண்டே அவள் சொன்னாள். "இந்தத் தடவை குட்டைத் திருகு."