பதினோரு நாள் பழக்கம்

"டாக்டரம்மா! யாராவது வாங்களேன், மூச்சு திணறுது இதுக்கு!"

ஒரு தோளில் கருவிப்பை, மறு தோளில் நாய். காக்கிச் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொள்ள, அவன் அந்த நாய் ஆஸ்பத்திரிக்குள் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

நாயின் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. மூக்கும் உதடும் கன்னமும் ஒன்றாகி உப்பிக் கிடந்தன. கண் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள்தான். பெற்ற தாய் வந்தாலும் அடையாளம் கண்டிருக்க மாட்டாள்.

"பேரு சொல்லுங்க," என்றாள் நர்ஸ்.

"என் பேரா?"

"நாய் பேருங்க."

"பெ... பெரியவர்."

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் உள்ளேயிருந்து முகக்கவசத்தோடு வந்த டாக்டரம்மா, நாயைப் பார்த்ததும் ஒரு கணம் அப்படியே நின்றார்.

"சிரிக்கிற நேரமா இது? மேல ஏத்துங்க!"

உண்மையைச் சொன்னால், நாயின் பெயர் அவனுக்குத் தெரியாது. பழக்கமே பதினோரு நாள்தான். ஆளில்லாத வீட்டுக்குள் நுழைவது அவன் தொழில். நாய் இருக்கும் வீடென்றால் அந்தத் தொழிலில் மற்றவர்கள் ஒதுங்குவார்கள். இவன் அப்படிப்பட்ட வீடாகத் தேடிப் போவான். நாயை நம்பிச் சின்னப் பூட்டாகப் போடுகிற புண்ணியவான்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே!

தினமும் பின்சந்து வழியாகப் போய், கம்பிக் கதவில் ஒரு பிஸ்கட், "என்ன பெரியவரே, சௌக்கியமா?" என்று ஒரு விசாரிப்பு. பத்து நாளில் குரைப்பு நின்று வால் ஆடும். பதினோராம் நாள் பிஸ்கட்டுக்குள் ஒரு மாத்திரை. வீட்டுக்காரர்கள் காலையில் கறுப்புக் கண்ணாடி போட்ட காரில் போய்ச் சாயங்காலம் வருவார்கள் என்பது தெரியும். அதற்குமேல் அவன் தெரிந்துகொள்வதில்லை. முகம் தெரிந்துவிட்டால் எடுக்கக் கை வராதாம், அப்படி ஒரு கொள்கை!

இன்று பீரோவைத் துடைத்தெடுத்துவிட்டுப் பின்வாசலுக்கு வந்தால், நாய் தூங்கவில்லை. வீங்கிய முகத்தோடு தள்ளாடி வந்து அவன் முழங்காலில் தலையைச் சாய்த்தது. ஓடியிருக்க வேண்டும். பாழாய்ப்போன மனசு கேட்டால்தானே! கழுத்துப் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, முதலில் வந்த ஆட்டோவில் ஏறினான். "நாய் டாக்டர் எங்க இருந்தாலும் போங்கண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நர்ஸ் எடை மெஷினை இழுத்தாள்.

"அதெல்லாம் வேணாம். இருபத்தெட்டரை கிலோ," என்று டாக்டரம்மா ஊசியில் மருந்தை ஏற்றினார். பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டாரே, அனுபவம் என்றால் இதுதான் என்று அவனுக்குத் தோன்றியது.

"என்ன குடுத்தீங்க இவனுக்கு?"

"பிஸ்கட்டும்மா."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லம்மா, சத்தியமா."

டாக்டரம்மா நிமிர்ந்து அவன் கண்ணுக்குள் பார்த்தார். "இங்க பாருங்க. வீக்கம் தொண்டைக்கு இறங்கிட்டிருக்கு. அடைச்சுதுன்னா ரெண்டு நிமிஷம் தாங்க மாட்டான். நீங்க யாரு, என்னங்கறதெல்லாம் எனக்கு இப்ப வேணாம். வயித்துல என்ன இருக்குன்னு மட்டும் உண்மையைச் சொல்லுங்க."

சொன்னால் அவன் மாட்டுவான். சொல்லாவிட்டால் நாயின் உயிர் போய்விடும். மேஜைமேல் கிடந்த நாயின் மூச்சு விசிலடிப்பதுபோல் கீச்சிட்டது. அவன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினான்.

"தூக்க மாத்திரைம்மா. ஒண்ணே ஒண்ணு. கொன்னுட்டேனா நான்?"

டாக்டரம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தார். "இந்த மாத்திரை இவனுக்கு ஒத்துக்கல, அதான் வீக்கம்," என்றார். இன்னொரு ஊசி போட்டார், மூக்கருகே ஆக்ஸிஜன் குழாயை வைத்தார்.

பத்து நிமிடம் போயிற்று. அவன் மெதுவாகப் பையை எடுத்தான். "நான் சித்த வெளிய நிக்கட்டுமாம்மா?"

"உக்காருங்க. உங்க கைமேல காலை வச்சிருக்கான் பாருங்க, எடுத்தா பயந்துக்குவான்."

உட்கார்ந்தான். டாக்டரம்மா மருந்துச் சீட்டில் ஏதோ எழுதி நர்ஸிடம் கொடுத்தார். படித்தவள் முகம் வெளுத்துப் போயிற்று. அவன் பக்கம் திரும்பாமலே வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். மருந்து வாங்கப் போகிறாள், வேறென்ன என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனாலும் கருவிப்பையைக் காலால் மேஜைக்கடியில் தள்ளினான்.

நாயின் மூச்சில் கீச்சு குறைந்தது. உதடு உதடாகத் தெரிந்தது. கடைசியில் ஒரு கண் லேசாகத் திறக்க, வால் மேஜையில் டப் டப்பென்று அடித்தது.

"பொழைச்சுட்டாரு பெரியவரு!" அவன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேவிட்டான். "உங்க கைக்குத் தங்கக் காப்பு போடணும் டாக்டரம்மா!"

டாக்டரம்மா முகக்கவசத்தைக் கழற்றினார். குனிந்து நாயின் நெற்றியில் தன் நெற்றியை வைத்தார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"இப்ப சொல்லுங்க. இவனைத் தவிர எங்க வீட்டுல இருந்து வேற என்னல்லாம் எடுத்தீங்க?"