தலைமாட்டுப் படம்

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் ஒரு தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குள் தங்கமுத்து படுத்திருந்தார். அந்தத் தலைவரைப் பார்த்து அவர் உயிரோடு இருந்தபோதும் சிரித்ததில்லை.

வந்தவர்கள் மாலையைத் தலைமாட்டில்தான் சாற்றினார்கள். அது நேராகத் தலைவரின் கழுத்தில் போய் விழுந்தது. மேச்சேரியிலிருந்து வந்த சித்தி வாசற்படியில் ஒரு நிமிடம் நின்று, செத்தது யார் என்று குழம்பிவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.

கயல்விழி மாலையை எடுத்து அப்பாவின் நெஞ்சுக்கு நேரே கண்ணாடியின் மேல் வைத்தாள். அடுத்த மாலையும் தலைவருக்கே விழுந்தது.

அப்பா விடியற்காலையில் போயிருந்தார். அண்ணன் அறிவழகன் தோஹாவிலிருந்து வந்து சேர மறுநாள் காலை ஆகும். சித்திரை வெயில் அதுவரை பொறுக்காது. ஈரோட்டில் வாடகைக்கு விடும் பெட்டிகள் எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. ஊரில் மிச்சமிருந்தது கவுன்சிலர் முருகானந்தத்தின் இலவசப் பெட்டி ஒன்றுதான். போன் செய்த கால் மணி நேரத்தில் வந்து இறங்கியது. கூடவே முருகானந்தமும் இறங்கினார், ஒரு போட்டோகிராபரோடு.

தங்கமுத்துவுக்கும் முருகானந்தத்துக்கும் கட்சி வேறு. கல்யாண வீட்டில் ஒருவர் எழுந்து கை கழுவிய பிறகுதான் இன்னொருவர் பந்திக்கு வருவார்.

கயல்விழி கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தலைவரை மூடினாள்.

“படத்த மறைக்காத சாமி,” என்றார் முருகானந்தம், துக்க வீட்டுக்கென்று வைத்திருந்த குரலில். “போட்டோ எடுத்து மேல அனுப்போணும். பெட்டிய சும்மாவா குடுக்கறோம்?”

“சும்மான்னுதானுங்க எழுதியிருக்குது.”

அவர் துண்டை உருவி, மடித்து, அவள் கையிலேயே கொடுத்தார்.

அவளுக்குப் பதிமூன்று வயதாக இருந்தபோது காவிரி தெருவுக்குள் வந்துவிட்டது. எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் அவள் கைக்கு ஒரு பிஸ்கட் பொட்டலம் வந்தது. அதில் அப்போது முருகானந்தத்துக்குத் தலைவராக இருந்தவரின் படம் ஒட்டியிருந்தது. பிரிப்பதற்குள் அப்பா பிடுங்கி, ஜன்னல் வழியே வெள்ளத்தில் எறிந்தார். மூஞ்சியை ஒட்டிக் கொடுப்பது தர்மமில்லை, விளம்பரம் என்றார். நியாயமாகத்தான் இருந்தது. பசிக்கவும் செய்தது.

அன்றைக்கு அவரை வெறுத்தாள். சேலத்தில் காலேஜில் சேர்ந்த பிறகு அந்தக் கதையை ஹாஸ்டலில் சொல்லத் தொடங்கினாள். சொல்லும்போது முதுகு தானாக நிமிரும். அந்த வீட்டில் பெருமையடித்துக்கொள்ள வேறு சொத்து இல்லை.

அந்த மனிதரை ஒரு விளம்பரத்துக்குள் படுக்கவைத்து நாளை வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியாது.

குனிந்து ஸ்டிக்கரின் மூலையில் நகத்தை விட்டாள். தலைவர் முழுதாகக் கழன்று வந்தார்.

அடியில் பிஸ்கட் தலைவர் கைகூப்பியிருந்தார். முருகானந்தம் கட்சி மாறியதை ஊர் மறந்திருந்தது. பழையதைச் சுரண்டிவிட்டு ஒட்டும் அளவுக்கு அவருக்குப் பொறுமை இல்லை போலிருக்கிறது. கூட்டத்தில் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள்.

“சாவு ஊடாச்சேன்னு பாக்கறன். இல்லாட்டிப் பெட்டியத் திருப்பி எடுத்துட்டுப் போயிருவேன், ஆமா.”

“எடுத்துட்டுப் போங்க. அப்பாவ எறக்கிக் கீழ போடறப்ப அதையும் போட்டோ எடுத்து மேல அனுப்புங்க.”

போட்டோகிராபர் கேமராவைத் தாழ்த்தினார்.

பிஸ்கட் தலைவர் லேசில் வரவில்லை. காது ஒரு துண்டாக, மூக்குக்கண்ணாடி ஒரு துண்டாக, பட்டை பட்டையாக உரிந்தார். காலையிலிருந்து அழாமல் சுவரில் சாய்ந்திருந்த அம்மா சாரதாமணி எழுந்து வந்து, போதும் கண்ணு என்றாள். பெட்டி போய்விடும் என்று அம்மா பயப்படுகிறாள் என நினைத்துக் கயல்விழி இன்னும் வேகமாக உரித்தாள்.

அதற்கும் அடியில் ஒருவர் கைகூப்பியிருந்தார்.

தலைநிறைய முடி, கறுத்த மீசை. அவள் ஒன்றாம் வகுப்புப் படித்த காலத்தில் ஒரே ஒரு முறை வார்டு உறுப்பினராக இருந்தவர்.

‘உங்கள் தங்கமுத்துவின் சொந்த ஏற்பாட்டில், மக்களுக்கு அன்பளிப்பு.’

தேதியும் போட்டிருந்தது. வெள்ளத்துக்கு ஆறு வருடம் முந்தைய தேதி.

கீழ்மூலை கிழிந்து, உள்ளே தகரத்தில் பச்சை பெயின்ட் எழுத்து தெரிந்தது. நகராட்சி பொது நிதி. கட்டணம் இல்லை.

முருகானந்தத்துக்குக் கோபம் போய்விட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எனக்கு ஒட்டக் கத்துக் குடுத்ததே உங்கப்பாருதான் சாமி.”

கயல்விழி நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவின் கட்சிக்காரர்கள் செருப்பைத் தேடுவதுபோலத் தரையைப் பார்த்தார்கள். சித்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அத்தனை முகங்களில் ஒன்றில்கூட ஆச்சரியம் இல்லை.

அவள் மறுபடி குனிந்தாள்.

“அதக் கிழிக்காத கண்ணு,” என்றாள் சாரதாமணி. “அது அப்பா.”

முகம் ஒரே இழுப்பில் வந்துவிட்டது. கும்பிட்ட கைகள் மட்டும் தகரத்தை விடவில்லை.

கயல்விழி சமையலறைக்குப் போய்க் கத்தியோடு வந்தாள்.