வலப்பக்கம் ஓடிவந்த ஆள்

துண்டை வீசிக்கொண்டு விமானத்தின் வலப்பக்கம் ஓடிவந்த ஆளைக் கேப்டன் தியாகேசனுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

மருதையன்.

விமானம் தஞ்சாவூரில் இறங்கி, ஓடுபாதையை விட்டுத் திரும்பி, நிறுத்துமிடத்தை நோக்கி உருண்டுகொண்டிருந்தது. பதினைந்து பேர் உட்காரும் சின்ன விமானம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறிகளும் இன்னும் சுழன்றுகொண்டிருந்தன. சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரன் போட்ட ஒடுக்கமான தார்ப்பாதை அது. இருபுறமும் இடுப்பளவுக்குப் புல் மண்டிக்கிடந்தது.

மன்னார்குடிப் பக்கம் தியாகேசன் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. வாய்க்கால் ஓரத்து வயலை மருதையன் அவன் அப்பன் காலத்திலிருந்து குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தான். தன்னைக் குத்தகைதாரனாகப் பதிவு செய்யச் சொல்லி ஒருநாள் தாலுகா ஆபீசில் மனுக் கொடுத்தான்.

அந்த வாரமே, மருதையன் நட்டிருந்த பயிரில் தியாகேசனின் அப்பா மாட்டை ஓட்டிவிட்டார். குடிசையைப் பிரித்து வாய்க்காலில் போட்டார்கள். போலீஸ் வந்தது. கட்சிக்காரர்களும் வந்தார்கள். எல்லோரும் அப்பாவோடு உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

தியாகேசன் அப்போது லீவில் வீட்டில் இருந்தார். வாசலில் வந்து நின்ற மருதையன், "சின்னய்யா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க" என்றான்.

அவர் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் ஊரில் இல்லை. எங்கே போனார்கள் என்று யாரும் கேட்கவும் இல்லை.

இப்போது இங்கே வந்து நிற்கிறான். இன்றைக்கு விமானத்தை ஓட்டி வருவது யார் என்று எப்படியோ விசாரித்து வைத்திருக்கிறான். நாளும் பார்த்து வந்திருக்கிறான். பின் இருக்கையில் சென்னையிலிருந்து வந்த பெரிய மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவரை வரவேற்க நிறுத்துமிடத்தில் கரைவேட்டிகள் மாலையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் காலில் விழப்போகிறான். அல்லது மண்ணை வாரித் தூற்றப்போகிறான்.

"யாரோ கைய காட்டுறாங்க சார். நிறுத்திடலாம்" என்றான் துணை விமானி ஜெகபர் அலி.

தரையில் உருளும்போது சந்தேகம் என்று வந்துவிட்டால் நிறுத்திவிட வேண்டும். எந்த விமானிக்கும் அதுதான் முதல் பாடம்.

"எங்க ஊர் ஆளுதான். நிலத் தகராறு. நீ கண்டுக்காத."

"இல்ல சார், ஏதோ சொல்ல வர்ற மாதிரி இருக்கு."

"கண்டுக்காதன்னேன்ல."

மருதையன் இன்னும் நெருங்கி வந்தான். வாய் அகலத் திறந்து திறந்து மூடியது. இன்ஜின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. துண்டைக் கீழே எறிந்தான். விமானத்துக்கு அந்தப் பக்கமாகக் கையை நீட்டி நீட்டிக் காட்டினான்.

அது கிழக்கு. மன்னார்குடி இருக்கிற திசை.

நிலத்தைத்தான் காட்டுகிறான் என்று தியாகேசன் நினைத்துக்கொண்டார்.

இன்னும் கொஞ்சம் வந்தால் அவன் வலப்பக்க விசிறியில் மாட்டிக்கொள்வான். அப்போதும் அவர் நிறுத்தவில்லை. அவனை விட்டு விலகிப் போவதற்காக விமானத்தை இடப்பக்கம் ஒடித்தார். சக்கரம் தார் விளிம்பில் ஏறியது. இடப்பக்கத்து விசிறி புல்லுக்கு மேலே போனது.

இரண்டு பேர் கண்ணும் வலப்பக்கமே இருந்தது.

சத்தம் பெரிதாக இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒன்று, அவ்வளவுதான். பக்கக் கண்ணாடி முழுக்கப் புல் வந்து அப்பியது.

வெறும் புல் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

ஜெகபர் அலிதான் இரண்டு இன்ஜின்களையும் அணைத்தான்.

தியாகேசன் இறங்கி வந்தபோது மருதையன் அடிபட்டுக் கிடந்த ஒருத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். தலையில் தூக்கி வைத்திருந்த புல்லுக்கட்டு பாதை முழுவதும் சிதறிக் கிடந்தது. அவள் சேலையின் முந்தானையை இழுத்து அவனே மேலே போர்த்திவிட்டிருந்தான். வெளியே தெரிந்தது ஒரு கை மட்டும். அந்தக் கையில் பச்சை குத்தியிருந்த பெயர், அம்சம்.

மருதையனின் மனைவி. அறுவடை நாட்களில் தியாகேசன் வீட்டுக் களத்தில் நெல் தூற்ற வருவாள். அவளைக் கூப்பிட வேண்டுமானால் கிட்டப் போய்த் தோளைத் தொட வேண்டும்.

ஓடிவந்த காவலாளி மூச்சு வாங்கியபடி ஜெகபர் அலியிடம் சொன்னார். "தெனம் வருவாங்க சார், புருசனும் பொண்டாட்டியும். இந்தப் புல்ல அறுத்து டவுன்ல மாட்டுக்காரங்களுக்குப் போட்டுத்தான் பொழப்பு. அந்த அம்மாவுக்குக் காது சுத்தமாக் கேக்காது."

மருதையன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையைப் பார்த்தே பேசினான். "இந்தண்டை ஓரமா உக்காந்து அறுத்துட்டு, கட்டத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சுதுங்க. பிளேனுக்குள்ள இருக்கிறவங்களுக்கு எட்டுமேன்னு கத்துனேன். கையக் காட்டுனேன். எட்டலீங்க."

தியாகேசன் இன்னும் ஓர் அடி முன்னால் வந்தார்.

தரையில் பளபளத்த கறுப்பு ஷூ வந்து நிற்பதை மருதையன் பார்த்தான். பார்வை மெல்ல மேலே ஏறியது. வெள்ளைச் சட்டை. தோளில் தங்கப் பட்டை. தொப்பி. அதற்குக் கீழே இருந்த முகத்தைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான்.

பிறகு, பெண்டாட்டியின் பக்கத்திலிருந்து சட்டென்று எழுந்து நின்றான்.

"சின்னய்யா... நீங்களா?"