பெயர் அழித்த ஸ்லைடு

பல ஊர் மருத்துவர்கள் கூடி ரத்தப் புற்றுநோய் பற்றிக் கற்றுக்கொள்ளும் பயிற்சியில் வகுப்பு நடத்த, டாக்டர் திலகவதி தன் கணவரின் ரத்தம் தடவிய ஸ்லைடை எடுத்துப் போனாள். பெயரை அழித்திருந்தாள். ஈறில் ரத்தம் வருகிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர். ஒரு ஆஸ்பத்திரி இன்னொன்றின் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தது. அதற்குள் மூளையில் ரத்தம் கசிந்து இறந்துபோனார்.

திரையில் அவருடைய அணுக்கள் ஊதா நிறத்தில் பெரிதாக விரிந்தன. அவளுக்குள் எதுவும் அசையவில்லை. ஏசி குளிர் மட்டும் விரல்களில் உறைத்தது.

"இதுக்கு ரிப்போர்ட் வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கக் கூடாது மேடம்," என்றார் தாலுகா ஆஸ்பத்திரி மருத்துவர் ஜெபசீலன். "சந்தேகம் வந்த அன்னைக்கே இந்த நோய்க்கான மாத்திரையை ஆரம்பிச்சிடணும்."

எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அன்று ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த மருத்துவர் ஒருவரும் முன்வரிசையில் தலையாட்டினார். அவருக்கு எதுவும் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை.

"சரியாச் சொன்னீங்க. எல்லாரும் குறிச்சுக்கோங்க," என்றாள் திலகவதி. வகுப்பெடுக்கும் குரல், கொஞ்சமும் பிசகவில்லை.

ஜெபசீலன் மறுபடி கையைத் தூக்கினார். "இவர் பிழைச்சிட்டாரா மேடம்?"

"பிழைச்சிருப்பார்," என்றாள்.

ஜெபசீலன் சிரித்தபடி உட்கார்ந்தார். திலகவதி அடுத்த ஸ்லைடை எடுத்து வைத்தாள்.