கொடுத்தது நான்தான்

"ஏன் சார், சுவத்துல இவ்வளவு பெருசா எழுதி ஒட்டியிருக்கே, படிக்கத் தெரியாதா?"

நாயைக் கொண்டுவந்திருந்த ஆளைப் பார்த்துக் கேட்டார் நாய் டாக்டர். சாக்லேட், வெங்காயம், திராட்சை என்று நாய்க்கு ஆகாத பட்டியல் அந்த ஆளின் தலைக்கு மேலேயேதான் ஒட்டியிருந்தது.

"ஒரே மாசத்துல ரெண்டாவது தடவை. காஞ்ச திராட்சை நாயோட கிட்னியையே காலி பண்ணிடும். யார் கொடுத்தது?"

"நான்தான் டாக்டர். மறந்துபோய்..."

"இன்னொரு தடவை மறந்தீங்கன்னா, நாயை வேற வீட்டுக்குக் கொடுக்க வேண்டியதுதான்."

அவர் முகம் செத்துப்போனது.

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயில்லா ஜீவன், ரெண்டு நாளாக ட்ரிப்ஸில் கிடந்து இப்போதுதான் வாலை ஆட்டியிருக்கிறது. மறந்துபோச்சாம், மறந்து!

நாயை அவளே தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மழை விட்டும் விடாமலும் தூறியது. மங்கலான மதிய வெளிச்சத்தில் வராந்தாவே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் மிதந்தது. பெஞ்சில் ஒரு பெரியவர், தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவே எங்கேயோ இருந்தபடி, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

நாயைக் கண்டதும் அவர் கை சட்டைப்பைக்குள் போனது. வெளியே வந்தபோது உள்ளங்கையில் நாலு காய்ந்த திராட்சை.

"ஐயா, கொடுக்காதீங்க" என்று மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என் பையன்மா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இது இல்லைன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பான்." நாயின் காதை மெதுவாகத் தடவினார். "அதோ வர்றாரே, எங்க டிரைவர். தங்கமான மனுஷன். யார் பெத்த பிள்ளையோ, பாவம்."

திராட்சை கொடுத்தது யார் என்று நர்ஸுக்கு விளங்கியது. திராட்சையை வாங்கிக்கொண்டு, தன்னிடமிருந்த நாய் பிஸ்கட்டை அவர் சட்டைப்பை நிறையப் போட்டாள். பெரியவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. "சாப்பிடுடா ராஜா" என்று ஊட்ட ஆரம்பித்தார்.

பக்கத்தில் வந்து நின்ற ஆளிடம் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏண்ணே, செய்யாத தப்பை ஏன் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க? பெத்த அப்பாவை டிரைவர்கிட்ட விட்டுட்டு, இவரோட மகன் எங்கதான் போனார்?"

"நான்தாம்மா மகன்." அவர் குனிந்து பெரியவரின் செருப்பைச் சரியாக மாட்டிவிட்டார். "உண்மையைச் சொன்னா, நாயை இவர்கிட்டேருந்து பிரிச்சிடுவாங்க. அதுவும் போயிட்டா அப்பாவுக்குப் பிள்ளையே இல்லாம போயிடும்."