சனிக்கிழமை வயிறு

“குப்பைத்தொட்டியைக் கிளறித் தின்னான், மருந்து குடுத்தேன். அதுக்கப்புறமும் மூணு வாரமா சனிக்கிழமை தவறாம தூக்கிட்டு வர்றீங்க. வெள்ளிக்கிழமை இவனுக்கு யாரு விருந்து வைக்கிறது?”

மேஜைமேல் பானை வயிற்றோடு கிடந்த நாயைத் தடவியபடி கால்நடை மருத்துவர் கேட்டார்.

“நான் ஒண்ணும் வைக்கலையே” என்றான் கணவன்.

“நானும்தான்” என்றாள் மனைவி.

அவளுடைய மாமனார் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஸ்கேன்ல மூணு ஆள் சாப்பாடு தெரியுது. நேத்து மத்தியானம் உங்கள்ல யாரு சாப்பிட்டீங்க?”

மாமனார்தான் முதலில் தாக்குப்பிடிக்க முடியாமல் உளறினார்.

“வெள்ளிக்கிழமை நான் உபவாசம், டாக்டர். உபவாசம் இருக்கறது யாருக்கும் தெரியக் கூடாதுன்னு போதகர் சொன்னார். தட்டு காலியா இருந்தாதானே மருமக நம்புவா? அதான் யாரும் பாக்காதப்போ இவனுக்கு...”

“மாமா, நீங்களுமா?” என்றாள் மனைவி.

“அடிப்பாவி, நீயுமா?” என்றான் கணவன்.

மருத்துவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “சரி, அப்படி எதுக்காக மூணு பேரும் பட்டினி கிடந்து ஜெபம் பண்றீங்க?”

மூவரும் நாயைப் பார்த்துவிட்டு ஒரே குரலில் சொன்னார்கள்:

“இவன் வயிறு சரியாகணும்னுதான்.”